ஹாரிஸாவின் மகன் ஸைது (ரலி)

திருவண்ணாமலை நகரம் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. மலையைச் சுற்றிச் செல்லும் பதினான்கு கிலோமீட்டர் பாதையில், மலைக்கு மறுபுறம் போய்ச் சேர்ந்தால் அடி அண்ணாமலை என்னும் ஊர் வரும். பௌர்ணமி இரவுகளில் சகோதர சமய மக்கள் இலட்சக்கணக்கில் அவ்வழியே நடப்பார்கள். மற்ற நாட்களில் அமைதியான ஊர்தான். அங்கே வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர் குடும்பம் ஒன்று எனக்குப் பழக்கம். கணவர் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை செய்பவர். நிக்காஹ் ஆகிப் பல வருடங்களாகியும் அல்லாஹ் அவர்களுக்குப் பிள்ளையைத் தரவில்லை. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்து வருகிறார்கள். தாய் மௌத்தாகிவிட்டாள். தகப்பன் உயிரோடிருந்தும் வளர்க்க இயலாத நிலை.

அந்தச் சிறுவனை ஓதுவதற்காக எங்கள் மக்தபுக்கு அழைத்து வந்தார்கள். பெயர்ப் பதிவேட்டில் எழுதும்போது, தகப்பனார் பெயர் என்ற இடத்தில் வளர்ப்புத் தாய் தம் கணவரின் பெயரைச் சொன்னார். நானும் எழுதிக்கொண்டேன். மறுநாள் முதல் பெயர் கூப்பிடும்போது பையன் வாய் திறப்பதில்லை. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் சற்றுக் கடிந்தே பேசிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்தான் மெதுவாகச் சொன்னான்: ஹஜ்ரத், அவன் அத்தா பேர் அது இல்லையாம். சிறுவன் தலையைக் குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தகப்பனுக்கு அல்லாஹ் வைத்த சட்டத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமல் எழுதிய நான் அன்று வெட்கப்பட்டேன்.

அன்று அஸருக்குப் பின் அடி அண்ணாமலைக்குச் சென்றேன். அந்தப் பெண்மணி செய்ததில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பிள்ளையை யாரும் அநாதை என்று ஏளனமாகப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆனால் உள்ளே வேறொரு பயமும் இருந்தது. அவனுடைய சொந்தத் தகப்பன் பெயரே எங்கும் இருந்தால், அவன் மனம் எங்களிடம் ஒட்டுமா, ஹஜ்ரத்? இதைக் கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு விடையாக அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் சொன்னது ஒரு ஸஹாபியின் வாழ்க்கைச் சரிதம். நம் இல்லங்களில் வளர்ப்புப் பிள்ளை வைத்திருப்போரும், வைத்துக்கொள்ள நாடுவோரும் இருக்கிறார்கள். ஆதலால் அதையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஸைது (ரலி) அவர்கள் அரபு நாட்டின் பெரிய கோத்திரங்களில் ஒன்றான பனூ கல்பைச் சேர்ந்தவர்கள். தந்தை ஹாரிஸா இப்னு ஷராஹீல். தாய் ஸுஃதா, தய்யி கோத்திரத்துப் பெண்மணி. தாயார் தம் பிறந்த வீட்டாரைக் காண மகனை அழைத்துக்கொண்டு சென்றிருந்த சமயம், எதிரிக் கோத்திரத்துக் குதிரை வீரர்கள் அந்த இடத்தின்மீது பாய்ந்து கொள்ளையடித்தார்கள். பொருள்களோடு பிள்ளைகளையும் தூக்கிச் சென்றார்கள். அப்போது ஸைதுக்கு ஏறக்குறைய எட்டு வயது. தாய் வீட்டுக்கு விருந்தாடப் போன பிள்ளை, உக்காழ் சந்தையில் ஒட்டகங்களுக்கும் தோல்களுக்கும் நடுவே விலைக்கு நிறுத்தப்பட்டது. நானூறு திர்ஹத்துக்கு வாங்கியவர் மக்காவின் ஹகீம் இப்னு ஹிஸாம். அவர் தம் அத்தையார் கதீஜா நாயகி (ரலி) அவர்களுக்காக வாங்கினார். கதீஜா நாயகியை நபி (ஸல்) அவர்கள் மணந்துகொண்ட பின்னர், அம்மையார் அந்தச் சிறுவரை நாயகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டின் தலைவரே பிறர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்து, ஹலீமா (ரலி) அம்மையாரிடம் பால் குடித்து, ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்து, சிறிய வருமானமும் பெரிய குடும்பமும் கொண்ட பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டில் வளர்ந்தவர்கள். அதை அல்லாஹ் ளுஹா அத்தியாயத்தில் நினைவூட்டி, அநாதையை அடக்கி ஒடுக்காதீர் என்று கட்டளையும் இட்டிருக்கிறான். பிறர் வீட்டுச் சோறு எப்படித் தொண்டைக்குள் இறங்கும் என்பதை அறிந்தவர்களின் கையில்தான் ஸைது போய்ச் சேர்ந்தார்.

மகனைப் பறிகொடுத்த ஹாரிஸா பித்துப் பிடித்தவர் போலானார். உயிரோடிருக்கிறானா, மண்ணுக்குள் போய்விட்டானா என்று தெரியாமல் புலம்பி அவர் பாடிய கவிகள் வரலாற்று நூல்களில் இடம் பெற்றுள்ளன. ஆண்டுகள் கடந்தன. ஹஜ்ஜுக்கு வந்த கல்பு கோத்திரத்தார் சிலர் மக்காவில் ஸைதைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டார்கள். ஸைதும் அவர்களை அறிந்துகொண்டார். தாம் நல்லதொரு குடும்பத்தில் நலமாக இருப்பதாகவும், தமக்காக இனி வருந்த வேண்டாம் என்றும் அவர்கள் மூலம் வீட்டாருக்குச் செய்தி அனுப்பினார். தந்தையை அவர் மறந்துவிடவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பயான்களில் சிலர் இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். அதனால் ஸைது தம் பெற்றோரை உதறித் தள்ளிய பிள்ளை போன்ற தோற்றம் ஏற்பட்டுவிடுகிறது.

செய்தி கிடைத்ததும் ஹாரிஸாவும் அவருடைய சகோதரர் கஅபும் பணத்தோடு மக்காவுக்கு விரைந்தார்கள். பெருமானாரைக் கண்டு, எவ்வளவு ஈட்டுத்தொகை கேட்டாலும் தருகிறோம், எங்கள் மகனை விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார்கள். அக்காலத்தில் நபித்துவம் இன்னும் வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பணத்தைப் பற்றியே பேசவில்லை. ஸைதையே அழைத்துக் கேட்போம், உங்களோடு வர விரும்பினால் ஒரு காசும் வேண்டாம், அழைத்துச் செல்லுங்கள், என்னோடு இருக்க விரும்பினால் என்னைத் தேர்ந்தெடுத்தவரை நான் கைவிட மாட்டேன் என்றார்கள். ஸைது வந்தார். இவர்கள் யார் என்று தெரியுமா எனக் கேட்கப்பட்டபோது, இவர் என் தந்தை, இவர் என் சிறிய தந்தை என்று தெளிவாகச் சொன்னார். பிறகு, தாம் நாயகத்தோடேயே இருப்பதாகவும் சொன்னார். சுதந்திரத்தை விட அடிமைத்தனமா உனக்குப் பெரிது என்று தந்தை பதறினார். இம்மனிதரிடம் தாம் கண்டது எத்தகையதென்றால், அதன்பின் இவருக்கு மேலாக வேறெவரையும் தேர்ந்தெடுக்கத் தம்மால் இயலாது என்பது மகனின் பதில்.

விலைக்கு வாங்கப்பட்ட ஒரு பிள்ளையிடம், உன் விருப்பம் என்ன என்று அன்று யார் கேட்டார்கள்? அந்த ஒரு கேள்வியே ஸைதை அடிமை என்ற நிலையிலிருந்து மனிதர் என்ற நிலைக்கு உயர்த்திவிட்டது என்று சொல்வேன். நாயகம் (ஸல்) அவர்கள் பிள்ளையைத் தந்தையின் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கவில்லை. தந்தையைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஸைதின் பதிலைக் கேட்டதும் அவரை அழைத்துக்கொண்டு கஅபாவின் அருகே ஹிஜ்ருக்குச் சென்று, இவர் என் மகன், இவருக்கு நானும் எனக்கு இவரும் வாரிசு என்று குறைஷிகள் முன்னிலையில் அறிவித்தார்கள். அக்கால அரபியரின் வழக்கம் அது. அதைக் கண்ட ஹாரிஸாவும் கஅபும் மனம் அமைதியடைந்து ஊர் திரும்பினார்கள். அன்று முதல் மக்காவில் அவர் பெயர் ஸைது இப்னு முஹம்மத் என்றாயிற்று.

நபித்துவம் வந்தபோது முதன்முதலில் ஈமான் கொண்ட ஒரு சிலருள் ஸைதும் ஒருவர். தாயிஃப் நகரத்தார் கல்லெறிந்து விரட்டியபோது உடனிருந்து தம் உடலைக் கேடயமாக்கித் தலையில் காயம் பட்டவரும் அவர்தாம் என்று இப்னு ஸஅது எழுதுகிறார். உம்மு ஐமன் (ரலி) அவர்களை அவருக்கு மணமுடித்து வைத்தார்கள். தாய் ஆமினா மறைந்தபின் சிறுவயது நாயகத்தைத் தூக்கி வளர்த்த பெண்மணி அவர்கள். தம் தாய்க்குப் பின் தாய் என்று பெருமானாரே போற்றிய அம்மையார். அவர்களுக்குப் பிறந்தவரே உஸாமா (ரலி). மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த பிறகு, மக்காவில் தங்கிவிட்ட தம் குடும்பத்தாரையும் புதல்விகளையும் அழைத்து வர நாயகம் அனுப்பிய இருவரில் ஒருவர் ஸைது. வீட்டுப் பெண்மக்களை நம்பி ஒப்படைக்கும் இடத்தில் அவர் இருந்தார். பத்ருப் போரின் வெற்றிச் செய்தியைப் பெருமானாரின் ஒட்டகத்தின்மேல் அமர்ந்து மதீனாவுக்குக் கொண்டு வந்தவரும் அவரே. அப்போது நாயகத்தின் மகளார் ருகைய்யா (ரலி) அவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

இனி வருவதுதான் இச்சரிதத்தின் கடினமான கட்டம். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக முஹம்மதின் மகன் ஸைது என்று அழைக்கப்பட்டவரின் பெயர் மாற வேண்டியிருந்தது. அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் இறங்கியது. வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையரின் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டும், அதுவே அல்லாஹ்விடம் நீதியானது. தந்தையர் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள், உங்களைச் சார்ந்த நேசர்கள் என்பது அதன் கருத்து. அன்று முதல் அவர் மீண்டும் ஸைது இப்னு ஹாரிஸா ஆனார்.

ஏறத்தாழ அதே காலத்தில் அவருடைய இல்லற வாழ்விலும் ஒரு பிரிவு நேர்ந்தது. நாயகத்தின் மாமி மகளான ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களைப் பெருமானாரே ஸைதுக்குப் பேசி மணமுடித்து வைத்திருந்தார்கள். உயர்குலத்துப் பெண்ணுக்கும் முன்னாள் அடிமைக்கும் நடந்த அந்த நிக்காஹ் நிலைக்கவில்லை. மனைவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளுமாறு நாயகம் உபதேசித்தும் முடிவில் தலாக் ஆயிற்று. பின்னர் அல்லாஹ்வின் ஆணைப்படி ஜைனப் நாயகியைப் பெருமானாரே மணந்தார்கள். வளர்ப்புப் பிள்ளையின் மனைவி, பெற்ற மகனின் மனைவியைப் போன்று விலக்கப்பட்டவர் அல்லர் என்ற சட்டம் இதனால் நிலைபெற்றது. முனாஃபிக்குகள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள்.

ஸைது (ரலி) அவர்களின் உள்ளம் அந்நாட்களில் எப்படியிருந்திருக்கும்? பெயரும் போயிற்று, மனைவியும் போனார். சிறுவயதில் ஒரு முறை எல்லாவற்றையும் இழந்தவருக்கு இது இரண்டாம் முறை. ஆனால் அந்த நிகழ்ச்சியைக் கூறும் அஹ்ஸாபின் முப்பத்தேழாம் வசனத்தில் அல்லாஹ் ஸைது என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறான். அபூபக்ரின் பெயரோ, உமரின் பெயரோ, அலீயின் பெயரோ திருமறையில் இல்லை. ஸஹாபாக்களில் பெயர் கூறப்பட்டவர் இவர் ஒருவரே. முஹம்மதின் மகன் என்ற சிறப்பை இழந்தவருக்கு அதற்கு ஈடாகக் கியாமத் நாள் வரை ஓதப்படும் இச்சிறப்பு அளிக்கப்பட்டது என்று இமாம் ஸுஹைலீ எழுதியிருக்கிறார். குர்துபீ தஃப்ஸீரிலும் அது எடுத்தாளப்பட்டுள்ளது. அந்த வசனத்தில் இன்னொன்றும் உண்டு. அல்லாஹ்வும் அருள் புரிந்தவர், நபியும் உபகாரம் புரிந்தவர் என்று அவர் அங்கே அறிமுகப்படுத்தப்படுகிறார்.

திண்ணையில் நான் இந்த இடத்துக்கு வந்தபோது அந்தப் பெண்மணி அதுவரை அழுதது நின்று, அப்படியானால் பெயர் மாறியபின் நாயகம் அவரைத் தள்ளி வைக்கவில்லையா என்று கேட்டார். இதைத்தான் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் மாறிய பிறகு பாசத்தில் ஒரு துளியும் குறையவில்லை. ஸைது ஒரு பயணத்திலிருந்து மதீனா திரும்பி வந்து கதவைத் தட்டியபோது, நாயகம் மேலாடையைச் சரியாகப் போர்த்திக்கொள்ளவும் பொறுக்காமல், அதை இழுத்தபடியே எழுந்து சென்று அவரைக் கட்டியணைத்து முத்தமிட்டதை ஆயிஷா நாயகி (ரலி) கூறியதாகத் திர்மிதியில் வருகிறது. எந்தப் படையில் ஸைதை அனுப்பினாலும் அவரையே அதற்குத் தளபதியாக்காமல் அனுப்பியதில்லை என்றும் ஆயிஷா நாயகியே அறிவிக்கிறார்கள். பரம்பரை பேசிப் பழகிய குறைஷித் தலைவர்களும் சந்தையில் விலைபோன அந்தச் சிறுவரின் கொடிக்குக் கீழே அணிவகுத்தார்கள். பிள்ளைக்குத் தன்மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று இக்காலத்தில் பெரிய படிப்பாளிகளெல்லாம் ஆராய்கிறார்கள். நம்பி ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்தால் வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிறர் பேச்சிலிருந்து அவருடைய குடும்பத்தைக் காக்கவும் நாயகம் தவறவில்லை. ஸைது வெளுத்த நிறத்தவர். மகன் உஸாமா, தாயைப் போன்று கறுத்த மேனியர். இதை வைத்து அந்தப் பிள்ளையின் பிறப்பைச் சந்தேகித்துப் பேசியோர் இருந்தார்கள். ஒரு நாள் தந்தையும் மகனும் ஒரே போர்வையால் தலையை மூடிப் படுத்திருக்க, பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அங்க அடையாளம் பார்ப்பதில் வல்லவரான முஜஸ்ஸிஸ் அல்முத்லிஜீ அவ்வழியே வந்து, யாருடைய பாதங்கள் என்று அறியாமலே, இந்தப் பாதங்கள் ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தவை என்று கூறிவிட்டார். அதைக் கேட்ட பெருமானார் முகத்தின் ரேகைகள் மின்ன, மகிழ்ச்சி பொங்க ஆயிஷா நாயகியிடம் வந்து சொன்னார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. ஒரு சின்னப் பையனைப் பற்றிய ஊர்ப் பேச்சு ஓய்ந்ததற்கு, நபியின் முகத்தில் அத்தனை பெரிய சந்தோஷம்!

இங்கே மஸ்அலாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை எடுத்து வளர்ப்பது நம் மார்க்கத்தில் தடையில்லை. மிகப் பெரிய நன்மை. அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்களைப் போல நெருங்கியிருப்பார் என்று நாயகம் அறிவித்ததை நாம் அனைவரும் அறிவோம். கூடாதது, பிறர் பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் பெயரை மாற்றுவதுதான். வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லையே என்று சிலர் வருந்துகிறார்கள். உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். சொத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத்தும் செய்யலாம். பருவம் அடைந்தபின் பர்தாவின் சட்டம் உண்டு. இரண்டு வயதுக்குள் பால் கொடுத்து வளர்த்தால் பால்குடி உறவு ஏற்பட்டு அச்சிரமம் நீங்கும். எத்தனை முறை ஊட்ட வேண்டும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டுச் சட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில், தத்து எடுப்பது வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. தத்தில் பிள்ளை சட்டப்படி புதிய பெற்றோரின் பிள்ளையாகிவிடுகிறது. விரும்பினால் முஸ்லிம்களும் அப்போது நடப்பிலிருந்த சிறார் நீதிச் சட்டத்தின்படி தத்து எடுக்கலாம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் கூறியது. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையின் பெயரும் பிறப்பும் மாறுவதில்லை. குழந்தைகள் நலக் குழு ஒரு குடும்பத்திடம் பிள்ளையை ஒப்படைத்துக் கண்காணிக்கிறது. பெற்றோர் நிலை சீரானால் பிள்ளை அவர்களிடம் திரும்பவும் கூடும். மிஷன் வாத்ஸல்யா திட்டத்தின்கீழ் இத்தகைய பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் உதவித்தொகையும் வகுக்கப்பட்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் உருவாகி, 1992இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் இருபதாம் பிரிவில், குடும்பம் இழந்த பிள்ளைகளுக்கான ஏற்பாடுகளில் ஒன்றாக இஸ்லாமிய ஷரீஅத்தின் கஃபாலா, அதாவது பொறுப்பேற்று வளர்த்தல், பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளது.

ஆனால் சட்டம் வீட்டுக்குள் வராது. வீட்டுக்குள் வரும் விருந்தாளியிடம், இந்தப் பையனை நாங்கள்தான் எடுத்து வளர்க்கிறோம், அவன் கதை பெரிய கதை என்று பிள்ளையை எதிரில் நிறுத்திக்கொண்டே சொல்கிறோமே, அந்தச் சொல்லிக்காட்டல் தர்மத்தையே அழித்துவிடும் என்று பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. பத்து வயதில் நபியின் வீட்டுக்குப் பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி), பத்து ஆண்டுகளில் தம்மைப் பார்த்து ஒருமுறையேனும் சீ என்று அவர்கள் சொன்னதில்லை என்று முதிய வயதிலும் நினைவுகூர்ந்தார்கள். பிள்ளைகள் இதையெல்லாம் மறப்பதில்லை.

ஸைது (ரலி) அவர்களின் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி ஹிஜ்ரி ஏழாம் ஆண்டில் நடந்தது. உம்ராவை முடித்துக்கொண்டு நாயகமும் தோழர்களும் மக்காவிலிருந்து புறப்படுகிறார்கள். உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு மகள், சிறிய தந்தையே என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடி வருகிறாள். அலீ (ரலி) அவளைக் கையில் பிடித்து ஃபாத்திமா நாயகியிடம் ஒப்படைக்கிறார்கள். அவளை வளர்ப்பது யார் என்று மூவருக்குள் வாக்குவாதம். என் சிறிய தந்தையின் மகள், நான்தான் எடுத்து வந்தேன் என்கிறார்கள் அலீ. எனக்கும் சிறிய தந்தையின் மகள், அவளுடைய தாயின் சகோதரி என் மனைவி என்கிறார்கள் ஜஅஃபர். என் சகோதரரின் மகள் என்கிறார்கள் ஸைது. ஹம்ஸாவையும் ஸைதையும் நாயகம் சகோதரர்களாக இணைத்து வைத்திருந்தார்கள். உஹதுக்குப் போகும்போது ஹம்ஸா வஸிய்யத் செய்ததும் ஸைதிடம்தான்.

இந்த மூவரும் யார் என்று பாருங்கள். பஞ்ச காலத்தில் அபூதாலிபின் பாரத்தைக் குறைப்பதற்காக அலீயை நாயகமும் ஜஅஃபரை அப்பாஸும் தத்தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். ஸைதின் கதையோ நாம் அறிந்ததே. பிறர் வீட்டில் வளர்ந்த மூன்று பிள்ளைகள் பெரியவர்களாகி, தகப்பனில்லாத ஒரு சிறுமிக்காக எனக்கு, எனக்கு என்று போட்டி போடுகிறார்கள். மனம் ஒடிந்து வளர்ந்தவர்கள் இப்படி வந்து நிற்பார்களா?

தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவள் என்று தீர்ப்பளித்து, ஜஅஃபரின் மனைவி அஸ்மா (ரலி) அவர்களிடம் சிறுமியை ஒப்படைத்தார்கள் நாயகம். யாருக்கு உரிமை அதிகம் என்பதைவிட, பிள்ளைக்கு எந்த மடி பொருந்தும் என்பதே பார்க்கப்பட்டது. அத்தோடு விடாமல் மூவரையும் தனித்தனியே தேற்றினார்கள். அலீயிடம், நீர் என்னைச் சார்ந்தவர், நான் உம்மைச் சார்ந்தவன் என்றார்கள். ஜஅஃபரிடம், தோற்றத்திலும் குணத்திலும் என்னை ஒத்திருக்கிறீர் என்றார்கள். ஸைதிடம், நீர் எங்கள் சகோதரர், எங்கள் நேசர் என்றார்கள். மகன் என்ற சொல் இல்லை. அஹ்ஸாப் வசனம் கொடுத்த அதே சொற்கள்தாம். அவற்றை ஸைது எவ்வளவு பெருமையோடு ஏற்றிருப்பார்கள்!

அதற்குச் சில மாதங்களே கழிந்திருந்தன. ஹிஜ்ரி எட்டு, ஜமாதுல் அவ்வல், அதாவது கி.பி. 629. இன்றைய ஜோர்தான் நாட்டிலுள்ள முஃதாவுக்கு மூவாயிரம் பேர் கொண்ட படை அனுப்பப்பட்டது. முதல் தளபதி ஸைது, அவர் வீழ்ந்தால் ஜஅஃபர், அவரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) என்று நாயகம் வரிசை வகுத்தார்கள். மூவரும் அவ்வரிசையிலேயே ஷஹீதானார்கள். போர்க்களத்திலிருந்து தூதர் வருமுன்பே நாயகம் அதை மதீனாவில் அறிவித்தார்கள். சொல்லும்போதே கண்களிலிருந்து நீர் வழிந்தது. ஸைதின் வீட்டுக்குச் சென்றபோது அவருடைய சின்ன மகள் நாயகத்தைக் கண்டு தேம்பி அழ, அவர்களும் விம்மி அழுதார்கள். ஏன் இந்த அழுகை என்று ஒரு தோழர் வியந்து கேட்டபோது, இது ஒரு நேசர் தம் நேசருக்காக ஏங்குவது என்று விடை வந்ததாக இப்னு ஸஅது பதிவு செய்கிறார். ஜஅஃபரின் குழந்தைகளை அருகில் வரவழைத்து, இம்மையிலும் மறுமையிலும் இவர்களுக்குப் பொறுப்பாளர் தாமே என்றும் கூறினார்கள். துக்க வீட்டுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பும் நம் வழக்கத்துக்கு ஆதாரம், ஜஅஃபரின் வீட்டாருக்காக அன்று இட்ட கட்டளைதான்.

நான் கதையை முடிக்கும் முன்பே மக்ரிபுக்கு நேரமாகிவிட்டது. அந்தக் கம்பி கட்டும் சகோதரர் ஒன்றும் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு, உன் அத்தா பெயரை நீயே ஹஜ்ரத்திடம் சொல் என்றார். அவன் முதலில் வளர்ப்புத் தாயின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகுதான் சொன்னான். மறுநாள் பதிவேட்டில் அடித்து எழுதிக் கூப்பிட்டேன். முழுப் பெயரையும் நான் சொல்லி முடிக்குமுன்பே பதில் வந்தது. சாயங்காலம் அதே பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

ஸைதின் மகனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஹிஜ்ரி பதினொன்றில், தம் இறுதி நோயின்போது, இருபது வயதுக்குள்ளான உஸாமாவை ஒரு படைக்குத் தளபதியாக நாயகம் நியமித்தார்கள். மூத்த முஹாஜிர்கள் இருக்க இந்த இளைஞரா என்று சிலர் முணுமுணுத்தார்கள். இவருடைய தந்தையின் தலைமையைப் பற்றியும் முன்பு இப்படித்தான் பேசினீர்கள், அவர் அதற்குத் தகுதியுடையவராகவே இருந்தார் என்று நாயகம் எடுத்துரைத்தார்கள். அவர்கள் மறைந்தபின் கலீஃபா அபூபக்ர் (ரலி) அந்தப் படையை வழியனுப்பும்போது, உஸாமா வாகனத்தில் இருக்கத் தாம் நடந்தே உடன் சென்றார்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒவ்வொருவருக்கும் மானியத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. உஸாமாவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, கலீஃபாவின் சொந்த மகன் அப்துல்லாஹ்வுக்கு மூவாயிரம். எந்தப் போரிலும் உஸாமா என்னை முந்தவில்லையே என்று அப்துல்லாஹ் காரணம் கேட்டார்கள். அவருடைய தந்தை ஸைது உன் தந்தையைவிட நாயகத்துக்கு அதிகம் பிரியமானவராக இருந்தார், உஸாமா உன்னைவிடப் பிரியமானவராக இருந்தார், என் பிரியத்தைவிட நாயகத்தின் பிரியத்தையே முற்படுத்தினேன் என்றார்கள் உமர். அந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள்தாம், அஹ்ஸாப் வசனம் இறங்கும் வரை நாங்கள் அவரை ஸைது இப்னு முஹம்மத் என்றே அழைத்து வந்தோம் என்ற ஹதீஸைப் பிற்காலத்தில் நமக்கு அறிவித்துச் சென்றவர்கள்.